டீன் பொறுப்பும் கணித ஆய்வும்: சி. எஸ். சேஷாத்திரி எப்படிச் சமாளித்தார்?

வினா: மதுரை, கணிதப் பேராசிரியர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பல்கலைக்கழகத்தில் என்னை டீன் (புல முதல்வர்) பொறுப்பை ஏற்கச் சொல்கிறார்கள். ஏற்றுக்கொண்டால் ஆய்வுக்கு அத்தோடு முழுக்குப் போட வேண்டியதுதான் என்று மூத்தவர்கள் சிலர் எச்சரிக்கிறார்கள். ஆனால் கணித அறிஞர் சி. எஸ். சேஷாத்திரி அவர்கள் சென்னை கணிதவியல் நிறுவனத்தைத் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை வழிநடத்தியவர். அந்த ஆண்டுகளில் அவருடைய கணிதம் என்னவாயிற்று என்பதை விவரம் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி 1: சென்னை வாசகர்

ஆய்வு நிற்கவில்லை என்பதற்கு ஒரு கட்டுரையே போதும். ரீமான் பரப்புகள் எனும் வளைபரப்புகளின் மீது அமையும் ஒருவகை வடிவியல் அமைப்புகளை (பாராஹோரிக் டோர்சர்கள்) வகைப்படுத்தும் மாடுலி வெளிகளைப் பற்றி வி. பாலாஜியுடன் சேர்ந்து அவர் எழுதியது 2015இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 83. சக கணித அறிஞர் எம். எஸ். நரசிம்மனும் அவரும் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற தேற்றத்தின் நேர் வாரிசு அந்தக் கட்டுரை.

ஆனால் அவர் பொறுப்புக்கு வந்த வயதையும் பாருங்கள். லயோலா கல்லூரியில் படித்து, 1953இல் பம்பாயின் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, முப்பது ஆண்டுகள் கணிதத்திலேயே மூழ்கியிருந்தவர், 1984இல்தான் சென்னைக்குத் திரும்பி, அங்குள்ள வேறொரு நிறுவனமான கணித அறிவியல் நிறுவனத்தில் சேர்ந்தார். 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவோடு கணிதப் பள்ளியைத் தொடங்கியபோது அவருக்கு 57 வயது. அந்தப் பள்ளியே பின்னர் சென்னை கணிதவியல் நிறுவனமாக வளர்ந்தது.

அவருடைய நிர்வாகத்தில் நான் மிகவும் மதிப்பது, முன்னணி ஆய்வாளர்களே இளநிலை மாணவர்களுக்கும் பாடம் நடத்த வேண்டும் என்ற உறுதியைத்தான். 1998இல் இளநிலைப் படிப்பு தொடங்கியபோது நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் உரிமையே கிடையாது. போபாலிலுள்ள மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் சான்றிதழ் வந்தது. சென்னையில் அன்றாடம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு எங்கோ ஒரு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டம் தருகிறது என்றால் எந்தப் பெற்றோருக்கும் தயக்கம் வரும். தானே பட்டம் வழங்க வழிசெய்யும் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி 2006 டிசம்பரில்தான் கிடைத்தது. அதுவரை காத்திராமல் படிப்பைத் தொடங்கிய துணிவு, பாடத்தின் தரத்தை அறிந்த கணித ஆசிரியருக்கே வரக்கூடியது என்பது என் எண்ணம்.

மறுமொழி 2: கோவை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

மேலே சொன்ன அனைத்தும் சரி. ஆனால் வினா எழுப்பியவருக்கு இந்த முன்மாதிரி முழுமையாகப் பொருந்தாது. சேஷாத்திரி தாம் விரும்பியபடி, தாம் தேர்ந்த ஆட்களோடு, ஒரு சிறிய நிறுவனத்தைப் புதிதாக உருவாக்கினார். இணைப்புக் கல்லூரிகளும் தேர்வுப் பிரிவும் ஆட்சிக்குழுவும் ஏற்கெனவே இருக்கும் பல்கலைக்கழகத்தில் நாளின் பெரும்பகுதி கோப்புகளுக்கே போய்விடும்.

பெரிய பல்கலைக்கழகத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் சிகாகோவின் ராபர்ட் ஸிம்மரைப் பாருங்கள். எர்காடிக் கோட்பாட்டில் (இயங்கும் அமைப்புகளின் நீண்டகாலப் போக்கை ஆராயும் கணிதப் பிரிவு) பெயர்பெற்ற அவர், பிரவுன் பல்கலைக்கழகத்தில் புரோவோஸ்ட் (கல்விப் பணிகளின் தலைமைப் பொறுப்பாளர்) பதவி வகித்து, 2006 முதல் 2021 வரை சிகாகோ பல்கலைக்கழகத் தலைவராக இருந்தார். 1980களில் அவர் வகுத்த கருதுகோளில் 2017இல் பெரும் முன்னேற்றம் வந்தபோது, அதைச் சாதித்தவர்கள் ஆரன் பிரவுன், டேவிட் ஃபிஷர், செபாஸ்டியன் ஹுர்தாடோ ஆகிய மூவர். ஃபிஷர் அவருடைய மாணவர். தாம் தொடங்கியதை அடுத்த தலைமுறை முடிக்கட்டும் என்ற மனநிறைவு உங்களுக்கு இருந்தால் தயங்காமல் பொறுப்பை ஏற்கலாம்.

வினா எழுப்பியவர்

இருவருக்கும் நன்றி. எனக்கு அந்த மனநிறைவு இன்னும் வரவில்லை. கையில் பாதி முடிந்த கணக்கு ஒன்று இருக்கிறது.

மறுமொழி 1: சென்னை வாசகர்

அப்படியானால் பொறுப்பை ஏற்கும் முன்பே, முதுநிலை வகுப்பு ஒன்றும் வாராந்திரக் கருத்தரங்கும் உங்கள் பணிநேரத்தில் சேரும் என்பதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். பதவியில் அமர்ந்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.