புதுப்பிப்பு: தருமபுரி ஜிம்மின் உயரமான ஸ்குவாட் ரேக்

ஐந்தடிக்கும் குறைவான நான், ஸ்குவாட் (எடைக் கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்ய ரேக்கிலிருந்து கம்பியை எடுக்க நுனிக்காலில் எக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி.

கம்பியைத் தாங்கும் கொக்கியை இறக்கியாயிற்று. கம்பி இப்போது நெஞ்சின் நடுவே இருக்கிறது. முழங்காலை லேசாக மடக்கி எழுந்தாலே கழன்று வருகிறது. வெறும் கம்பியே 20 கிலோ. எக்கி எடுப்பதைவிட, களைத்த பிறகு எக்கி வைப்பதுதான் ஆபத்து.

எழ முடியாமல் போனால் எடைக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் தாங்கு கம்பிகள்தான் தலைவலி. அவற்றைக் கீழே கடைசித் துளையில் மாட்டினாலும், நான் முழுதாக உட்காருமுன் எடைக் கம்பி அவற்றில் இடிக்கிறது. உயரம் கூட்ட, எடைத் தட்டுகள் மேல் ஏறி நிற்கச் சொன்னீர்கள், என் முந்தைய பதிவைப் படித்தவர்கள். பின்னால் கால் வைக்கும்போது விளிம்பு தெரியாதே! பென்னாகரம் ரோட்டுத் தச்சர் அண்ணனிடம் சொல்லி, ரேக்கின் உள்ளளவு முழுக்க நிரப்பும் கனமான பிளைவுட் மேடை செய்தோம். மேலே ரப்பர் பாய். இப்போது முழுதாக உட்காரும்போது எடைக் கம்பிக்கும் தாங்கு கம்பிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. கொக்கியை மட்டும் மறுபடி ஒரு துளை ஏற்ற வேண்டியதாயிற்று.

மாஸ்டர் முதலில் சிரித்தார். இப்போது மேடைக்கு வரிசை நிற்கிறது.