படம் சுவரில் நிற்கவே மாட்டேன் என்கிறது, அவசரம், யாராவது சொல்லுங்கள்

சயான்_சுதா:
வணக்கம். வீட்டில் மாட்டிய படம் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆணி இல்லாமல் மாட்டுகிற ஒட்டுப்பட்டை வாங்கி ஒட்டினேன், அதுவும் நிற்கவில்லை. நேற்று ராத்திரி பெரியது விழுந்து கண்ணாடி உடைந்துவிட்டது. நல்லவேளை, குழந்தை அந்தப் பக்கம் இல்லை. இன்னும் நாலைந்து மாட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து மாமனார் மாமியார் வருகிறார்கள், அதற்குள் முடிக்க வேண்டும். செலவும் அதிகம் ஆகக்கூடாது. எந்தப் பட்டை நல்லது என்று சொன்னால் போதும்.

கோலிவாடா_கார்த்தி:
அக்கா, படம் என்ன சைஸ்? கண்ணாடி போட்டதா? சுவரில் என்ன பெயிண்ட்? சொந்த வீடா வாடகையா? இது எதுவுமே தெரியாமல் பட்டை பேர் சொல்லி என்ன பயன்?

கட்டட_ராஜா:
ஈரம்தான் காரணம். சயான் என்றால் மும்பை. மழைக்காலம் இன்னும் முடியவில்லை. தென்மேற்குக் காற்றோடு மழை அடிக்கும்போது மேற்குச் சுவரும் தெற்குச் சுவரும்தான் நேராக வாங்கும். தண்ணீர் பூச்சுக்குள் இறங்கி உள்பக்கம் வரை வந்துவிடும். பார்வைக்குக் காய்ந்தமாதிரி இருக்கும், கை வைத்தால் சில்லென்று இருக்கும். எந்தப் பட்டை ஒட்டினாலும் அந்தச் சுவரில் நிற்காது. முதலில் வெளிச்சுவருக்கு நீர்க்காப்பு பண்ணச் சொல்லுங்கள்.

கோலிவாடா_கார்த்தி:
ராஜா சார், ஞாயிற்றுக்கிழமைக்குள் படம் மாட்டக் கேட்டால் கட்டடத்துக்கே நீர்க்காப்பு பண்ணச் சொல்கிறீர்களே. அதற்கு சொசைட்டி, அதாவது கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம், கூட்டம் போட்டே ஒரு வருஷம் ஆகும்.

ரசனை_ரங்கன்:
இந்தக் கேள்வி இங்கே பல தடவை வந்திருக்கிறது. கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கலாம். பட்டையைப் பற்றிக் கேட்கிறவர்கள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. என்ன படம் அது? அச்சா, கையால் வரைந்ததா, தாளா, கான்வாஸா? அதைச் சொல்லாமல் சுவரில் எப்படி ஒட்டுவது என்று கேட்பது சரியில்லை. இன்னொன்று. பெரும்பாலோர் படத்தைக் கதவு நிலைக்கு மேலே மாட்டுகிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். முதலில் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

தாராவி_தச்சன்:
ரங்கன் சார், அது நின்று பார்க்கிற வீட்டுக்கு. பத்துக்குப் பத்து அறையில் பாயில் உட்கார்ந்து இருக்கிறவர்களுக்கு 120-ல் மாட்டினால்தான் கண்ணுக்கு நேராக வரும். சிறு குழந்தை இருக்கிற வீட்டில் கைக்கு எட்டாத உயரம்தான் சரி. அந்தம்மா கேட்டது அதுவும் இல்லை.
சுதாம்மா, ஏன் ஆணி வேண்டாம் என்கிறீர்கள்?

சயான்_சுதா:
வாடகை வீடு. ஆணி அடித்தால் டெபாசிட்டில் பிடிப்பேன் என்று வீட்டுக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். படம் மாமனார் வரைந்தது. ரயில்வேயில் இருந்தபோது லீவு நாளில் உட்கார்ந்து வரைவார். வாட்டர்கலர். கோயில், குளம், ஸ்டேஷன் அப்படி. கண்ணாடி போட்டுத்தான் பிரேம். பெரியது ஒன்று 18க்கு 24 இன்ச், மற்றது எல்லாம் ஏ3. பெரியதை மட்டும் கடையில் கொடுத்துப் பிரேம் போட்டேன், மற்றது இன்னும் போடவில்லை. கையில் 3,000 ரூபாய் வரை இருக்கிறது. பட்டை பேர் சொல்லுங்கள் ப்ளீஸ்.

செம்பூர்_சங்கரி:
சுதா, ஒரே ஒரு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். படம் விழுந்தபோது பட்டை எங்கே இருந்தது?
பட்டை சுவரிலேயே இருந்து பிரேம் மட்டும் விழுந்திருந்தால், பிரேமின் பின்பக்கம் தூசியாகவோ சொரசொரப்பாகவோ இருந்திருக்கும், இல்லை எடை தாங்கவில்லை. பட்டை பிரேமோடு சுத்தமாக வந்திருந்தால், சுவரை நன்றாகத் துடைக்கவில்லை அல்லது அழுத்திவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்காமல் உடனே மாட்டிவிட்டீர்கள். பட்டையின் முதுகில் பெயிண்டோ வெள்ளைப் பொடியோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், பட்டையில் குறையே இல்லை. சுவர்தான் விட்டுக்கொடுத்திருக்கிறது.

சயான்_சுதா:
பெயிண்ட் சில்லு சில்லாக வந்திருக்கிறது. பின்னால் வெள்ளையாகப் பொடி. சுவரில் அந்த இடம் பொத்தல் மாதிரி தெரிகிறது. வீட்டுக்காரர் பார்த்தால் என்ன சொல்வாரோ.

கட்டட_ராஜா:
எந்தச் சுவர்? ஜன்னல் இருக்கிற சுவரா?

சயான்_சுதா:
ஆமாம், ஜன்னல் பக்கம். கடல் பக்கம்தான் பார்த்திருக்கிறது.

கட்டட_ராஜா:
மேற்கு. நான் முதலிலேயே சொன்னேன்.

செம்பூர்_சங்கரி:
ராஜா சார் சொன்னது பாதி சரி. உள்பக்கச் சுவரில், அதாவது ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருக்கிறதில், கருப்புத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் வெள்ளை வந்தால் அது டிஸ்டெம்பர், அதாவது பொடி உதிர்கிற மலிவான பெயிண்ட். வாடகைக்கு விடுகிற வீட்டில் செலவைக் குறைக்க அதைத்தான் அடிப்பார்கள். அதன்மேல் எந்தப் பட்டை ஒட்டினாலும் பொடியின் மேல் ஒட்டியதாகத்தான் அர்த்தம். துணியில் வெள்ளை வராவிட்டால் பொடி உதிராத எமல்ஷன் பெயிண்ட், அங்கே பட்டை நிற்கும், ஆனால் சின்னப் படத்துக்கு மட்டும்.

தாராவி_தச்சன்:
பெரிய படத்தின் எடையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கண்ணாடி ஒவ்வொரு மில்லிமீட்டர் கனத்துக்கும் இரண்டரைக் கிலோ. 18க்கு 24 என்றால் கால் சதுர மீட்டருக்குச் சற்று மேல். கடைக்காரர் 4 மில்லிமீட்டர் கண்ணாடி போட்டிருந்தால் கண்ணாடியே இரண்டே முக்கால் கிலோ. பின்னால் ஹார்ட்போர்டு முக்கால் கிலோ. மரச்சட்டம் வேறு. மொத்தம் நாலு கிலோவைத் தாண்டும். பழைய டிஸ்டெம்பர் சுவரில் இதைப் பசையால் தொங்கவிட முடியாது. குழந்தை இருக்கிற வீட்டில் முயற்சிகூடச் செய்யாதீர்கள்.
உடைந்த கண்ணாடிக்குப் பதிலாக 2 மில்லிமீட்டர் கேளுங்கள். கண்ணாடியின் எடை அங்கேயே பாதி குறையும். கண்ணாடி மாதிரி இருக்கிற அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போட்டால் அதிலும் பாதி, விழுந்தாலும் சில்லு சில்லாக உடையாது. வாட்டர்கலருக்கு அக்ரிலிக் சரிதான். கரித்துண்டு, பேஸ்டல் ஓவியத்துக்கு மட்டும் வேண்டாம், அக்ரிலிக்கில் சேரும் மின்னேற்றம் பொடியை மேலே இழுத்துவிடும். கீறல் விழாமல் மெத்தென்ற துணியால்தான் துடைக்க வேண்டும்.

லேமினேஷன்_லோகு:
இவ்வளவு கணக்கு எதற்கு? கண்ணாடியே வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேட் பண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் சில்லறைக் காசுதான் ஆகும். மழை, தூசி, பூச்சி எதுவும் தொடாது. எடையே இல்லை, இரட்டைப் பக்க டேப் போதும். எங்கள் வீட்டில் எல்லாப் படமும் அப்படித்தான், வருஷக்கணக்கில் புதுசு மாதிரி இருக்கிறது.

மாட்டுங்கா_மீனா:
சுதா, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். கையால் வரைந்த ஒரிஜினலை லேமினேட் பண்ணக் கூடாது. அந்த இயந்திரம் நூறு டிகிரிக்கு மேல் சூடாகி, பிளாஸ்டிக்கில் இருக்கிற பசையை உருக்கித் தாளோடு ஒட்டிவிடும். அப்புறம் யாராலும் அதைப் பிரிக்க முடியாது. தாளில் ஏற்கெனவே இருக்கிற ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். நான் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் பரிசு வாங்கிய படங்களைப் பெற்றோர் ஆசையாக லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து காட்டும்போது எனக்கு வயிறு எரியும். உங்கள் மாமனார் கைப்பட வரைந்தது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

லேமினேஷன்_லோகு:
டீச்சர், கண்ணாடி போட்ட படத்தில் பூஞ்சை வருவதில்லையா? எங்கள் பாட்டி வைத்திருந்த ரவி வர்மா லட்சுமி படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பாதி முகமே போய்விட்டது. அதனால்தான் இருக்கிற சரஸ்வதியை லேமினேட் பண்ணப்போகிறேன். அது ரவி வர்மா அச்சகத்துப் படம்.

மாட்டுங்கா_மீனா:
இன்னும் பண்ணவில்லை அல்லவா? நிறுத்துங்கள். படத்தின் அடியோரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள்.

ரசனை_ரங்கன்:
அவரவர் வீட்டில் இருக்கிற எல்லா லட்சுமியும் ரவி வர்மா என்றுதான் சொல்வார்கள். சிவகாசி காலண்டரைக்கூட அப்படிச் சொல்லி விற்கிறவர்கள் உண்டு. ரவி வர்மா அச்சகம் 1894-ல் இந்த பம்பாயில்தான் தொடங்கியது. பிறகு லோனாவ்லா பக்கத்தில் மளவ்லிக்குப் போனது. ஜெர்மனிக்காரரான ஃப்ரிட்ஸ் ஷ்லைகர் அதை வாங்கி நடத்தினார். 1906-ல் ரவி வர்மா காலமான பிறகும் அச்சு தொடர்ந்தது. இந்த விவரம் தெரியாமல் பேசுவதில் பயன் இல்லை.

லேமினேஷன்_லோகு:
அடியில் லோனாவ்லா என்று ஆங்கிலத்தில் இருக்கிறது சார். புடவையில் ஜரிகையும் சமிக்கியும் பாட்டி தைத்து ஒட்டியிருக்கிறார். காலண்டரில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள்.

மாட்டுங்கா_மீனா:
அப்படியானால் சந்தேகமே இல்லாமல் லேமினேஷன் கூடாது. எண்ணெய் வண்ணத்தில் அச்சடித்து மேலே வார்னிஷ் பூசிய படம் அது, சூட்டில் வார்னிஷ் இளகும், சமிக்கி நசுங்கும். லட்சுமி ஏன் கண்ணாடியோடு ஒட்டியது தெரியுமா? படத்துக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி விடாமல் பிரேம் போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும், அந்த நீர் படத்தை ஒட்டவைக்கும். நடுவில் ஒரு மவுண்ட் போர்டு, அதாவது படம் தெரிகிற அளவுக்குச் சன்னல் மாதிரி வெட்டிய தடித்த அட்டை, வைத்திருந்தால் அந்த முகம் போயிருக்காது. சமிக்கி இருக்கிற படத்துக்கு இன்னும் ஆழமான சட்டம் வேண்டும்.

கோலிவாடா_கார்த்தி:
லோகு அண்ணா, உங்கள் சரஸ்வதிக்குத் தனியாக ஒரு இழை போடுங்களேன். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும்.

ரசனை_ரங்கன்:
இழை திசைமாறியது அவர் தவறில்லை, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. எந்தப் படம் என்று நான் முதலில் கேட்டதே இதற்குத்தான்.

செம்பூர்_சங்கரி:
சரி, சுதாவுக்கு வருவோம். மீனா டீச்சர் சொன்ன மவுண்ட்தான் உங்கள் ஏ3 படங்களுக்கும் வேண்டும். ஏ3 என்பது 29.7க்கு 42 சென்டிமீட்டர். 12க்கு 18 இன்ச் ரெடிமேட் பிரேமில் கிட்டத்தட்ட முழுவதும் அடைத்துக்கொள்ளும், மவுண்டுக்கு இடம் இருக்காது. 16க்கு 20 எடுத்தால் சுற்றிலும் நல்ல ஓரம் கிடைக்கும். புதுச் சட்டத்துக்குக் காசு போதாவிட்டால் சோர் பஜாரில் பழைய சட்டம் தேடுங்கள், மட்டன் தெருப் பக்கம் போனால் நிறைய கிடைக்கும். பழைய படத்தை எடுத்துவிட்டுச் சட்டத்தை மட்டும் தருவார்கள். நாலு சட்டமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றில்லை, மவுண்ட் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் சுவரில் ஒரு வரிசையாகத் தெரியும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு என்று கேட்டு ஒரு பெரிய தாள் வாங்கி, கடையிலேயே சன்னல் வெட்டித் தரச் சொல்லுங்கள். செலவைக் குறைக்கிற இடம் சட்டம்தான், மவுண்டில் குறைக்காதீர்கள்.

மாட்டுங்கா_மீனா:
படத்தை மவுண்டில் ஒட்டும்போது செலோடேப் கூடாது, மஞ்சளாகிக் கறை விடும். மேல்பக்கம் மட்டும் இரண்டு இடத்தில் மெல்லிய தாளை மைதாப் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிந்து நடுவில் உப்பிவிடும். அதுகூட வேண்டாம் என்றால் பழைய ஆல்பத்தில் போட்டோ சொருகுவதுபோல நாலு மூலைக்கும் காகித முக்கோணம் மடித்து அதில் சொருகுங்கள். படத்தில் பசையே படாது.

தாராவி_தச்சன்:
இனி மாட்டுகிற விஷயம். ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், பின்னால் நாலு சின்ன எஃகு முள். சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் பூச்சுக்குள் இறங்கும். ஓட்டை குண்டூசி அளவுதான். வீடு காலி பண்ணும்போது ஒரு சிட்டிகை வால் புட்டி வைத்துத் தேய்த்தால் தெரியாது. ஆனாலும் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடியுங்கள். ஏ3 படத்துக்கு ஒரே உயரத்தில் இரண்டு கொக்கி. முள் இறங்காமல் வளைந்தால் அது கான்கிரீட் தூண் அல்லது பீம், வேறு இடம் பாருங்கள்.
சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் எதுவும் அடிக்காதீர்கள், உள்ளே வயர் போகும். பாத்ரூம் சுவரின் மறுபக்கமும் வேண்டாம், குழாய் இருக்கும்.

கட்டட_ராஜா:
எந்தச் சுவரில் மாட்டினாலும் சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்னால் கார்க் துண்டு ஒட்டுங்கள். படத்துக்கும் சுவருக்கும் நடுவில் காற்று போகும். இல்லையென்றால் பின்பக்கம் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் குடியேறும். மேற்குச் சுவரை டிசம்பர்வரை தொடவே தொடாதீர்கள். காய்ந்த பிறகும் அங்கே வாட்டர்கலர் வேண்டாம், மாலை வெயில் நேராக எதிர்ச்சுவரில் எங்கே விழுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாட்டர்கலர் வெயிலில் வெளுக்கும்.

கோலிவாடா_கார்த்தி:
அக்கா, முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன ஆணி ஏதாவது இருக்கிறதா? கர்ட்டன் கம்பி? அதில் நைலான் கயிறு கட்டியும் தொங்கவிடலாமே.

சயான்_சுதா:
மன்னிக்கவும், வேலை இருந்தது. துணியில் வெள்ளை வந்தது. வீட்டுக்காரரிடம் போனில் கேட்டேன், முள் கொக்கி என்றால் பரவாயில்லை என்றார். ஏ3 மூன்று உள்சுவரில் மாட்டியாச்சு, நிற்கிறது. மாமனார் வந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பெரியதற்கு இன்னும் கண்ணாடி மாற்றவில்லை, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

லேமினேஷன்_லோகு:
நல்லது சுதா. மீனா டீச்சர், சரஸ்வதியைக் கடையில் கொடுக்கவில்லை. ஆழமான சட்டம் என்றீர்களே, எவ்வளவு ஆழம்?

மாட்டுங்கா_மீனா:
சமிக்கியின் உயரத்தை அளந்து, அதற்கு மேல் குறைந்தது அரை சென்டிமீட்டர் இடைவெளி வருகிற மாதிரி கேளுங்கள். கடைக்காரர் படத்தை வெளியே எடுக்கும்போது நீங்கள் கூடவே நில்லுங்கள், பழைய ஹார்ட்போர்டோடு தாள் ஒட்டியிருந்தால் இழுக்க விடாதீர்கள்.

செம்பூர்_சங்கரி:
சுதா, கட்டிலுக்கு அடியில் தரையில் படுக்கவைக்காதீர்கள், தரை ஈரம் ஏறும். மீதிக் கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டு, படத்தை மட்டும் பழைய பருத்திச் சேலையில் சுற்றி பீரோவுக்கு மேலே வையுங்கள்.

தாராவி_தச்சன்:
சில்லை எடுக்கும்போது படத்தைக் கவிழ்த்துத் தட்டாதீர்கள், தாளில் கீறும். சட்டத்தை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, பெரிய துண்டுகளைக் கையுறை போட்டு ஒவ்வொன்றாக எடுங்கள். பொடியை மெல்லிய பிரஷ்ஷால் ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

கோலிவாடா_கார்த்தி:
அக்கா, 2 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு என்ன விலை சொன்னார்கள் என்று போட்டுவிடுங்கள், எனக்கும் ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறது.