வெளிநாட்டு வாடகை வீட்டுக் கார்பெட்டும் நம் வாளித் தண்ணீர்ப் பழக்கமும்

புதுச்சேரியிலும் கடலூரிலும் வளர்ந்தவர்களுக்குத் தரை என்றால் சிமென்ட், மொசைக் அல்லது டைல்ஸ்தான். எது கொட்டினாலும் ஒரு வாளித் தண்ணீரில் காரியம் முடிந்துவிடும். ஜமக்காளம் அழுக்கானால் மாடியில் அலசிக் கைப்பிடிச் சுவரில் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். லண்டனுக்கோ பாரிசுக்கோ புதிதாகக் குடிவந்தவர்கள், சுவருக்குச் சுவர் பதித்திருக்கும் கார்பெட்டிலும் இதே பழக்கத்தைக் காட்டுவதே பெரும்பாலான சேதங்களுக்குக் காரணம். மஞ்சக்குப்பத்திலிருந்து அம்மா தொலைபேசியில் "நல்லாத் தண்ணி ஊத்திக் கழுவிவிடு" என்று சொன்னால், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

அந்தக் கார்பெட்டை எடுத்து உதற முடியாது. அறையின் ஓரங்களில் ஆணி முனைகள் நீட்டிய மரப்பட்டைகளில் அதை இழுத்து மாட்டியிருப்பார்கள். அதன் அடியில் அண்டர்லே என்னும் மெத்தென்ற அடுக்கும், பல வீடுகளில் அதற்கும் கீழே மரப்பலகையும் இருக்கும். மேலே ஊற்றும் நீர் அந்த அடுக்கில் தேங்கிவிடுவதால், மேற்பரப்பு கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும் அடியில் ஈரம் நிற்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அது உலராவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். போய்விட்டதாக நினைத்த கறை இரண்டு நாளில் மறுபடி தலைகாட்டுவதற்கும் இந்த ஈரமே காரணம். அடியில் இறங்கிய அழுக்கு, நீர் ஆவியாகும்போது இழைகளின் வழியே நுனிக்கு ஏறிவிடுகிறது.

நம் வீடுகளில் அதிகம் கொட்டுவது சாம்பார் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் பருப்பையும் காயையும் கரண்டியால் வழித்தெடுத்துவிட்டு, சாயம் போகாத வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை பரவும், இழைகளும் பிரிந்துவிடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் சில துளிகளை வெதுவெதுப்பான நீரில் கலந்து, துணியைப் பிழிந்து ஒற்றினால் எண்ணெய்ப் பசை போகும். கடைசியில் வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றிச் சோப்பை எடுக்காவிட்டால், எஞ்சிய பிசுக்கு புதிய அழுக்கை இழுத்து அந்த இடத்தை முன்னைவிடக் கறுக்கச் செய்யும்.

மஞ்சளின் நிறம் மட்டும் இதற்கும் அசையாது. யூடியூபைப் பார்த்து அதன்மேல் சமையல் சோடாவைக் கொட்டாதீர்கள். சுண்ணாம்பு கலந்ததும் ஆரத்தித் தண்ணீர் சிவப்பதைப் போல, சோடாவின் காரத்தன்மை பட்டவுடன் மஞ்சள் கறையும் சிவந்துபோகும். மஞ்சளின் சாயம் வெயிலில் வெளுக்கும் தன்மை உடையது என்பதால், ஜன்னலோரமாக இருந்தால் திரையை விலக்கிவைத்துப் பொறுத்திருப்பது நல்லது. வெளிர் நிறச் செயற்கை இழையானால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை, அலமாரிக்குப் பின்னால் கண்ணில் படாத மூலையில் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். பிளீச்சிங் திரவம் கம்பளி இழையையே அரித்துவிடும். அதைத் தொடவே வேண்டாம்.

பால், முட்டை, இரத்தம் ஆகியவற்றுக்குக் குளிர்ந்த நீர்தான். வெந்நீர் பட்டால் புரதம் இறுகிக் கறை நிலைத்துவிடும். பூசை மூலையில் சிந்தும் குங்குமத்தையும் விபூதியையும் ஈரம் படாமல் வாக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும்.

கடைகளில் வாடகைக்குக் கிடைக்கும் கார்பெட் கழுவும் இயந்திரத்தை எடுப்பவர்கள், முதலில் உலர்ந்த தூசியை வாக்குவம் செய்யாமல் நேராக நீரைத் தெளித்து உள்ளேயே சேறாக்கிவிடுகிறார்கள். ஒரு முறை தெளித்தால், தெளிக்காமல் இரண்டு மூன்று முறை உறிஞ்ச வேண்டும். அதன் பின் ஹீட்டரை ஓடவிட்டு, குளிர்காலமானாலும் ஜன்னலைச் சிறிது திறந்துவையுங்கள். மேசை, கட்டில் கால்களுக்கு அடியில் அலுமினியத் தாளை வைத்தால் துருவும் மரச்சாயமும் இறங்காது.

இங்கிலாந்தில் 2019 ஜூன் முதல், தொழில்முறைத் துப்புரவுக்குப் பணம் கட்டும்படி வீட்டு உரிமையாளர் வாடகைதாரரைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் நீங்கள் குடிவந்தபோது இருந்ததைவிடக் கார்பெட் அழுக்காக இருந்தால் முன்பணத்திலிருந்து பிடிக்கக் கேட்கலாம். ஆகவே பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே ஒவ்வோர் அறையின் கார்பெட்டையும், முக்கியமாகப் பழைய கறைகளை, தேதி தெரியும்படி படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பிரான்சுக்குப் போகிறவர்கள், நுழையும் நாளில் இரு தரப்பும் கையெழுத்திடும் வீட்டு நிலைப் பட்டியலில் அந்தக் கறைகளை எழுதச் சொல்லிவிட்டே கையெழுத்திட வேண்டும்.