மார்க் இல்லாத வண்டியில் வேகம் பிடித்தால் செல்லுமா? (ஓசூர் - தொப்பூர் ரூட்)

கேள்வி: பாலக்கோடு_லோடு

ஓசூரில் இருந்து கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி வழியா சேலம் போறவங்க மத்தியில் ஒரு பேச்சு ஓடுது. பட்டை, எழுத்து, மேல் விளக்கு எதுவும் இல்லாத வெள்ளை பொலிரோவோ இன்னோவாவோ ஓரமா நிக்கும், உள்ளே இருந்தே வேகத்தை அளந்து சலான் போட்டுருவாங்கன்னு. வாட்ஸப் குரூப்பில் தினமும் யாராவது ஒரு வண்டியைப் படம் எடுத்துப் போட்டு "உஷார்"ங்கிறாங்க. தெரிஞ்சவங்க மூணு விஷயம் சொல்லுங்க. போலீஸ் வண்டின்னு எழுதாத வண்டியில் இருந்து அளந்தா சட்டப்படி செல்லுமா? எதை வெச்சு அளக்கிறாங்க, அது எவ்வளவு துல்லியம்? அந்த மாதிரி வண்டி நிறுத்தச் சொன்னா நிறுத்தணுமா?

பதில் 1: சட்டப்புள்ளி

வண்டியில என்ன எழுதியிருக்குன்னு மோட்டார் வாகனச் சட்டம் பார்க்கிறதே இல்லைங்க. ஆள் போட்டிருக்கிற உடுப்பைத்தான் பார்க்குது. லைசென்ஸ் கேட்கும் அதிகாரம் 130-ஆம் பிரிவில் இருக்கு. அதில் உள்ள சொல் "சீருடையில் உள்ள போலீஸ் அதிகாரி". வாடகைக் காரில் வந்து இறங்கினாலும் உடுப்போட இருந்தா காட்டித்தான் ஆகணும். மஃப்டியில் ஒருத்தர் போலீஸ் ஜீப்பில் வந்தே கேட்டாலும் 130 அவருக்குப் பொருந்தாது. ஆர்டிஓ ஆபீஸ் வண்டி ஆய்வாளர் தனி. ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று) கேட்க அவருக்கும் அதே பிரிவில் அதிகாரம் உண்டு. காகிதம் கையில் இல்லாட்டி டிஜிலாக்கர், எம்பரிவாகன் ஆப்பில் காட்டினா போதும். கேலரியில் கிடக்கிற போட்டோ அந்தக் கணக்கில் வராது.

வேகக் குற்றம் 183-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் கார் மாதிரி இலகுரக வண்டிக்கு 1000 முதல் 2000 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிக்கு 2000 முதல் 4000 வரை. ரெண்டாவது தடவை மாட்டினா லைசென்ஸையே எடுத்து வெச்சுக்கலாம். பலர் படிக்காம விடுற இடம் அதன் மூணாவது உட்பிரிவு. "இவர் வேகமா வந்தார்னு எனக்குத் தோணுச்சு"ன்னு ஒரே ஒரு சாட்சி சொல்றதை மட்டும் வெச்சு தண்டிக்க முடியாது. அந்தக் கணிப்பு ஏதாவது இயந்திரக் கருவியிலோ மின்னணுக் கருவியிலோ எடுத்ததா இருக்கணும். அதனால பொலிரோவில் பட்டை இருக்கா இல்லையான்னு மண்டையை உடைச்சுக்கறதுல பிரயோஜனம் இல்லை. அளவு எந்தக் கருவியில் வந்துச்சுன்னு கேளுங்க.

கருவிக்கும் விதி உண்டு. 136ஏ பிரிவின் கீழ் 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்ந்துச்சு. வேக கேமரா, ஸ்பீட் கன், போலீஸ்காரர் உடம்பில் மாட்டுற கேமரா, டேஷ்போர்டு கேமரா எல்லாம் அதில் அடக்கம். கருவிக்கு மாநில அரசு நியமிச்ச அதிகாரியின் ஒப்புதல் சான்று வேணும், அதை வருஷா வருஷம் புதுப்பிக்கணும். கண்காணிப்பு நடக்கிற பகுதிக்கு முன்னாடி எச்சரிக்கைப் பலகை கண்ணில் படுற மாதிரி இருக்கணும். வண்டியை ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு எங்கேயும் சொல்லலை, கவனிங்க. பலகைதான் வேணும்.

பதில் 2: 905_நானோ

ரெண்டாவது கேள்விக்கு வரேன். வழியில் அளக்க மூணு முறை இருக்கு. மூணும் தப்பாகிற விதம் வேற வேற.

முதலாவது லேசர். கண்ணுக்குத் தெரியாத 905 நானோமீட்டர் ஒளித் துடிப்பை அனுப்பி, பட்டுத் திரும்புற நேரத்தில் தூரத்தைக் கணக்குப் போடும். கால் நொடி, மூணில் ஒரு பங்கு நொடிக்குள்ள நிறைய தடவை தூரம் எடுத்து, அது மாறுற வேகத்தைக் காட்டும். கதிர் ரொம்ப ஒல்லி. 300 மீட்டர் தள்ளி அதோட அகலம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர்தான். பக்கத்து லேன் லாரியோட வேகத்தை உங்க தலையில் கட்ட வாய்ப்பு குறைவு. தப்பு வர்ற இடம் கை நடுக்கம். எதிரில் வர்ற காரின் கண்ணாடியில் ஆரம்பிச்ச கதிர் பம்பருக்கு வழுக்கி இறங்கினா, கார் நகராமலே தூரம் ஒன்றரை மீட்டர் குறைஞ்ச மாதிரி கருவிக்குத் தெரியும். 0.3 நொடியில் ஒன்றரை மீட்டர்னா மணிக்கு 18 கி.மீ. சும்மா கூடும். நல்ல கருவி அந்த மாதிரி முறைகேடான அளவைத் தள்ளிட்டு பிழைன்னு காட்டிரும். நம்பர் பிளேட்டையே குறி வைக்கச் சொல்றதும் இதுக்காகத்தான்.

அடுத்தது ரேடார். இதோட கதிர் விசிறி மாதிரி. 12 டிகிரி அகலம்னு வெச்சா 300 மீட்டரில் அறுபது மீட்டருக்கு மேல் விரியும், அதாவது ரோடு முழுக்க. காரும் பெரிய கன்டெய்னரும் பக்கத்துல பக்கத்துல வந்தா எதிரொலி யாரோடதுன்னு ஆபரேட்டர் கண்ணால் பார்த்துத்தான் முடிவு பண்ணணும். ஓடுற வண்டியில் வெச்சு அளந்தா இன்னொரு சிக்கலும் சேருது. கருவி முதல்ல தன் வண்டியோட வேகத்தை ரோட்டில் இருந்து எடுத்துக் கழிக்கணும். முன்னாடி ஊர்ற லாரியை ரோடுன்னு நினைச்சுட்டா, தன் வேகத்தைக் குறைச்சு எடுத்து மிச்சத்தை எதிரில் வர்றவன் கணக்கில் சேர்த்துரும்.

கோணத்தை வெச்சு வாதாட நினைக்காதீங்க. ஓரத்தில் நின்னு சாய்வா அளந்தா வேகம் குறைச்சுத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. 10 டிகிரி சாய்வில் உண்மை 100-னா கருவி 98.5 சொல்லும். உங்களுக்கு லாபம்தான்.

கடைசியா பின்தொடர்ந்து அளக்கறது. கருவியே வேண்டாம், பின்னாடி ஒரே இடைவெளியில் வந்து தன் ஸ்பீடாமீட்டரைப் பார்க்கறது. மார்க் இல்லாத வண்டிக்கு இதுதான் தோதுன்னு நினைக்கத் தோணும், ஆனா ரொம்ப பலவீனமான முறை. இடைவெளி மாறவே கூடாது. 200 மீட்டர் இடைவெளி 20 நொடியில் 100 ஆச்சுன்னா பின்னாடி வர்றவர் உங்களைவிட 18 கி.மீ. வேகம். அவர் மீட்டரில் 100 காட்டும்போது நீங்க 82-ல் இருக்கீங்க. போதாததுக்கு சாதாரண ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிட கொஞ்சம் கூட்டியே காட்டுற மாதிரிதான் செஞ்சு வெச்சிருக்கு. சோதிச்சு சான்று வாங்கின மீட்டரா இருந்தாத்தான் அந்த அளவுக்கு மதிப்பு.

பதில் 3: நாலாம்_கியர்

கார்க்காரங்க பொலிரோவைத் தேடிட்டு இருக்கீங்க. தொப்பூர் கணவாயில் வேகம் பிடிக்கறது எதுக்குன்னு ஒரு வார்த்தை. தருமபுரியில் இருந்து சேலம் போற பக்கம் முழுக்க இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம் ரெண்டும் விபத்துக்குப் பேர் வாங்கின இடம். டீசல் மிச்சம்னு நியூட்ரல் போட்டு இறக்குறப்போ வேகத்தைப் பிடிக்க பிரேக் ஒண்ணுதான் மிஞ்சுது. தொடர்ந்து அழுத்தினா டிரம் சூடாகி விரியும், லைனிங் பிடிப்பை விட்டுரும். அடிக்கடி அழுத்தி விட்டா ஏர் டேங்கில் அழுத்தமும் இறங்கும். லோடு வண்டி மேடு ஏறுற கியர்லயே இறங்கணும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை போற வழியை அடைச்சு இன்ஜினாலயே வேகத்தைப் பிடிக்கறது) இருந்தா இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போடணும். பாதி வழியில் கியர் மாத்த முயற்சி பண்ணி விழலைன்னா வண்டி நியூட்ரல்லயே ஓடும், அப்புறம் கடவுள் விட்ட வழி. இங்க பலகையில் போட்ட வேகம் சலானுக்காகப் போட்டது இல்லை, பிரேக் தாங்குறதுக்காகப் போட்டது.

பதில் 4: சட்டப்புள்ளி

பலகைன்னதும் ஒண்ணு. "நாலு வழிச் சாலையில் காருக்கு 100, சரக்கு வண்டிக்கு 80"னு குரூப்பில் சுத்துறது மத்திய அரசோட 2018 ஏப்ரல் அறிவிப்பு. சென்னை உயர்நீதிமன்றம் 2021-ல் அதை ரத்து செஞ்சது. அந்தப் படத்தைக் காட்டி ரோட்டோரம் வாதாட வேண்டாம். 112-ஆம் பிரிவில் குறிப்பிட்ட இடத்துக்குக் குறைச்ச வேகம் வைக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அந்த இடத்துப் பலகையில் என்ன எண்ணோ அதுதான் கணக்கு. இந்தத் தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருந்து இறங்கி ஊத்தங்கரை பக்கம் நெடுஞ்சாலை 77-க்குப் போறவங்க அதே காலோட போய் மாட்டிக்கறாங்க.

பதில் 5: மாங்கனி_நகர்

மூணாவது கேள்வி, நிறுத்தணுமா? உடுப்புல ஆள் தெரிஞ்சா இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, இடது ஓரம் முழுசா ஒதுங்கி நிறுத்துங்க. வேக லேனில் சடார்னு பிரேக் அடிச்சா சலானைவிடப் பெரிய வினை.

உடுப்பு தெரியலை, ராத்திரி, வெறும் வண்டி ஒண்ணு லைட் அடிச்சு ஓரங்கட்டச் சொல்லுதுன்னா ஹசார்ட் லைட் போட்டு வேகத்தைக் குறைங்க. அவசர எண் 112-க்கு போன் அடிச்சு எந்த இடம், எந்தப் பக்கம், வண்டி நம்பர் சொல்லுங்க. வெளிச்சமும் ஆளும் இருக்கிற இடத்தில் நிறுத்துங்க. கிருஷ்ணகிரி டோல்கேட், பாளையம் டோல்கேட், ஆள் நடமாட்டம் உள்ள பெட்ரோல் பங்க் எதுவானாலும் சரி. வேகம் எடுத்து ஓடினா நிஜ போலீஸா இருக்கிற பட்சத்தில் வேற கேஸ் ஆயிரும்.

நம்பர் பிளேட்டும் கொஞ்சம் உதவும். டிஎன் 29 தருமபுரி, 24 கிருஷ்ணகிரி, 70 ஓசூர். எண்ணுக்கு முன்னாடி ஜி எழுத்து இருந்தா அரசு வண்டி. ஆனா தாசில்தார் வண்டியும் ஜி தாங்க, அதை வெச்சு போலீஸ்னு முடிவு பண்ணிராதீங்க. ரொக்கமா கொடுன்னு கேட்டு ரசீது தராதவங்க யாரா இருந்தாலும் இ-சலான் போடச் சொல்லுங்க. நிஜமான சலான்னா பரிவாகன் தளத்தில் வண்டி நம்பருக்கு நேரா வரும்.

கேட்டவர்: பாலக்கோடு_லோடு

ரொம்ப நன்றிங்க. சலான் தப்புன்னு தோணினா எங்க போறது? போன்ல "சலான்" பேர்ல ஒரு ஃபைலும் வருதே, அது?

பதில் 6: சட்டப்புள்ளி

ஃபைலைத் தொடாதீங்க. ஏபிகே-ன்னு (போனில் ஆப் ஏத்துற ஃபைல்) முடியுற எதுவும் அரசு அனுப்புறது இல்லை. இறக்கினா ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போயிரும். லிங்க் வந்தாலும் தட்டாம, முகவரியை நீங்களே டைப் அடிச்சு பரிவாகன் இ-சலான் தளத்துக்குப் போய் வண்டி நம்பர் போட்டுப் பாருங்க.

167ஏ-படி கருவி வெச்சுப் போட்ட சலானோட சேர்த்து நம்பர் பிளேட் தெரியுற படம், கருவி எடுத்த அளவு, தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவுங்கிறது, மின்னணு ஆவணச் சான்று இத்தனையும் வரணும். சான்று முன்னாடி சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலையில் இருந்து புதுச் சட்டத்தில் 63. முதல்ல படத்தைப் பெருசாக்கி நம்பரைப் படிங்க. 8-ம் பி-யும், 0-வும் டி-யும் கேமராவுக்குக் குழம்புறது சகஜம். படத்தில் உள்ள வண்டியோட மாடல், நிறம் உங்களுதான்னு பாருங்க. வேற வண்டின்னா அந்தப் படத்தையும் உங்க ஆர்சி நகலையும் வெச்சு சலான் போட்ட பிரிவுக்கு எழுதுங்க. அந்த நேரத்து டோல் பாஸ்டேக் பதிவு வேற ஊரைக் காட்டினா அதையும் சேருங்க. அங்க நடக்கலைன்னா கோர்ட்டில் முறையிடலாம். கட்டிட்டா குற்றத்தை ஒத்துக்கிட்ட கணக்கு.

வண்டி வித்தவங்களுக்கு ஒண்ணு. ஆர்சியில் பேர் மாறாத வரைக்கும் நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும். யார் ஓட்டினதுன்னு போலீஸ் கேட்டா சொல்ல வேண்டியது 133-ஆம் பிரிவில் பதிவு உரிமையாளர் பொறுப்பு. ஆர்சியில் பழைய செல் நம்பர் கிடந்தா இன்னைக்கே மாத்துங்க. மெசேஜ் வராமலே சலான் கோர்ட் வரைக்கும் போய் நிக்கறது பெரும்பாலும் இதனாலதான்.