மே மாதத்து வேதாகமப் பள்ளி: படித்தவர்களும் நடத்தியவர்களும்

தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளத்திற்கும் செம்மணல் தேரிக்காட்டிற்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில் 1980களில் வளர்ந்த எனக்கு, மே மாதம் என்றாலே பதநீரும், கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்காகத் திருச்சபை நடத்தும் விடுமுறை வேதாகமப் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். இரண்டிற்கும் உள்ள தொடர்பு பின்னாளில்தான் எனக்குப் புரிந்தது. பனையேற்றம் மும்முரமாக நடக்கும் அந்நாட்களில் அப்பாமார் விடியுமுன்பே காட்டிற்குப் போய்விடுவார்கள். அம்மாமாரோ விடிலி என்னும் குடிசையில் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றி முடிக்கும்வரை அடுப்படியை விட்டு அசைய முடியாது. பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடக்கும் நிலையில், கேட்பாரின்றித் திரியும் பிள்ளைகளைக் காலை முழுவதும் கோயிலுக்குள் (தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) உட்கார வைக்க ஒரு வழி கிடைத்தது பெற்றோருக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். 1898இல் நியூயார்க் நகரில் எலைசா ஹாஸ் என்ற பெண்மணி, தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக இத்தகைய பள்ளியை நடத்தினார் என்றும், அதற்கென ஒரு பீர்க் கடையின் கூடத்தை வாடகைக்குப் பிடித்தார் என்றும் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்ச் சபையைக் கவனித்துவந்த உபதேசியார், கள்ளுக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்த பையனின் காதைத் திருகாமல் விட்டதில்லை.

கோயில் பணியாளரான கோயில்குட்டியார் இரண்டாம் மணி அடிக்கும்போது வரிசையில் நிற்க வேண்டும். பாலர் வகுப்பு வெளியே வேப்பமர நிழலில் நடக்கும். மற்ற வகுப்புகள் கோயிலுக்குள் மூலைக்கொன்றாகப் பாய் விரித்து அமரும். ஒரு வகுப்பின் செய்கைப் பாட்டு அடுத்த வகுப்பின் கதையை மூழ்கடித்துவிடும் என்பதால், கதை சொல்லும் அக்காமார் யோனாவைக் கடலில் எறியும் கட்டத்தில் தொண்டை கிழியக் கத்துவார்கள். மனப்பாட வசனம் அன்றாடம் ஒப்பிக்க வேண்டும். விருப்பமான வசனத்தைச் சொல்லலாம் என்று ஒரு நாள் தெரியாத்தனமாக அறிவித்துவிட்டார்கள். பையன்கள் அத்தனை பேரும் யோவான் 11:35ஐயே ஒப்பித்தோம். ‘இயேசு கண்ணீர் விட்டார்’ என்ற மூன்றே சொற்கள்தான் அதில்.

நான் உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டம் வசனம் தேடும் போட்டிதான். வேதாகமத்தை மூடியபடி தலைக்கு மேலே உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஆசிரியர் அதிகாரத்தையும் வசனத்தையும் இருமுறை சொல்லி, ‘தேடு’ என்றதும்தான் கையைத் தாழ்த்தலாம். புத்தகத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் பெரும்பாலும் சங்கீத நூலில் வந்து நிற்கும் என்பது முதலில் கற்ற உத்தி. அங்கிருந்து முன்னே போவதா பின்னே போவதா என்பதற்கு வேதாகமத்தின் 66 ஆகமங்களின், அதாவது நூல்களின், வரிசை நாக்கு நுனியில் இருக்க வேண்டும். கலாத்தியர், எபேசியர், பிலிப்பியர், கொலோசெயர் என்பதைக் ‘கலா, எபே, பிலி, கொலோ’ என்று சுருக்கிப் பாடி வைத்திருந்தோம். புது வேதாகமம் பரிசாகப் பெற்ற பிள்ளைகள் இந்தப் போட்டியில் பாவம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்க, ஒரே அதிகாரம் கொண்ட ஒபதியாவை அவர்கள் தேடுவதற்குள் ஆச்சியின் பழுப்பேறிய வேதாகமத்தோடு வந்தவள் எழுந்து நின்று வாசித்து முடித்திருப்பாள்.

இடைவேளைக்குப் பன்னும் ரஸ்னாவும். கடைசி நாள் காகிதக் கொடிகளோடு தெருவெல்லாம் ஊர்வலம். மாலையில் நிறைவு விழா. சென்னையிலும் பம்பாயிலும் கடை வைத்திருந்தவர்கள் கோடைக்கு ஊர் வந்திருப்பார்கள் ஆதலால், பரிசுகளுக்கும், சில ஆண்டுகளில் முதலூர் மஸ்கோத் அல்வாவிற்கும் அவர்களே செலவை ஏற்றுக்கொள்வார்கள்.

*

சாத்தான்குளத்துப் பக்கத்து அண்ணன் மேலே எழுதியதை வாசித்ததும் என் பங்கையும் சொல்லத் தோன்றியது. தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் நாங்கள் திருநீறு பூசும் குடும்பம். அடுத்த வீட்டுத் தோழி அழைத்தாள், போனேன். மதியச் சாப்பாட்டிற்குப் பிள்ளை வீடு திரும்ப வேண்டும் என்பதைத் தவிர எங்கள் ஆச்சி வேறு நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. நெற்றித் திருநீற்றோடுதான் முன்வரிசையில் அமர்ந்திருப்பேன். எனக்குப் பிடித்தது கைவேலை வகுப்பு: அட்டையில் வரைந்த ஆட்டின் மேல் பசை தடவிப் பஞ்சை ஒட்டுவதும், கழுவிக் காயவைத்த முட்டையோட்டை நொறுக்கி ஒட்டிச் சாயம் பூசுவதும். ஆட்டிற்கு அடர்த்தியாகப் பஞ்சு வேண்டும் என்று வீட்டுத் தலையணையைப் பிரித்தவர்களில் நானும் உண்டு. 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தைத் தட்டாமல் ஒப்பித்து எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கினேன். இன்றும் அந்த அதிகாரம் முழுவதும் வரும், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எல்லாமே இனிமையாக இருந்தது என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. ஓர் ஆண்டு வெளியூரிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர், நான் ஏன் இன்னும் திருநீறு பூசுகிறேன் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். தோழியின் அம்மா மறுநாள் நேரில் வந்து அவரிடம் என்ன பேசினாரோ தெரியாது. அதன்பின் அந்தக் கேள்வி எழவே இல்லை.

*

நாசரேத்துத் தங்கை மேலே சொன்ன முட்டையோட்டிற்காகப் புரோட்டாக் கடைகளில் முன்கூட்டியே சொல்லி வைத்து வாளியோடு காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். 1990களில் பாளையங்கோட்டையில் கல்லூரி மாணவனாக இருந்தபோது இப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். பாட்டிற்குச் செய்கை அமைப்பது முதல் அழுகிற பாலர் வகுப்புப் பிள்ளையைச் சமாளிப்பது வரை முதலில் எங்களுக்குப் பயிற்சி உண்டு. மறுநாள் கதைக்கான படங்களை இரவில் சார்ட் தாளில் வரைவோம். பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் பயிற்சி போதவில்லை. நோவாவின் பேழையில் கொசுவை ஏன் ஏற்றினார்கள் என்று கேட்ட சிறுமிக்கு, பல சபைகள் அடங்கிய சேகரத்தின் குருவானவராலும் பதில் சொல்ல இயலவில்லை.

புதிய நண்பர்களை அதிகம் அழைத்து வருபவருக்குப் பரிசு என்று அறிவிப்பது வழக்கம். அது எனக்கு அப்போதே உவப்பாக இல்லை, கூட்டத்தைப் பெருக்குவதற்கும் பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பதற்கும் சம்பந்தமில்லை என்றே நினைத்தேன். அதற்கேற்ப ஒரு பையன், நடை பழகாத சித்தி மகனை இடுப்பிலும் பெரியப்பா பேத்தியைக் கையிலுமாகக் கொண்டுவந்து வருகைப் பதிவில் பெயர் எழுதச் சொன்னான். மூன்று வயதுக்குட்பட்டவர்கள் கணக்கில் வரமாட்டார்கள் என்று மறு ஆண்டு விதி வகுத்தோம். அவன் அவர்களையும் கூட்டிக்கொண்டுதான் வந்தான்; வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அம்மா பீடி சுற்ற வேண்டும் என்றான்.