செம்பனைப் பூவின் சோம்பு வாசம்: நேரில் கண்டவர்கள் சொல்கிறோம்

குளுவாங்கிலிருந்து:

1970களின் இறுதியில் என் அம்மா மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தோட்டமொன்றில், பாமாயில் தரும் செம்பனை மரத்தின் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலையில் இருந்தார். எங்கள் வீட்டில் அதை 'மாவு வேலை' என்போம். ஆண் பூக்குலையிலிருந்து எடுத்து உலர்த்திச் சலித்த மகரந்தத்தை முகப்பவுடர் போன்ற டால்க் மாவில் கலந்து, மலர்ந்திருக்கும் பெண் பூக்குலையைத் தேடிக் கண்டுபிடித்து அதன்மேல் ஊத வேண்டும். மட்டை முள் கீறிய தழும்புகள் அவருடைய முன்கைகளில் இன்றும் இருக்கின்றன. ஒரே மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே சமயத்தில் மலர்வது அரிது என்பதால், மகரந்தம் பெரும்பாலும் வேறொரு மரத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். அதைக் காற்று கொண்டுவந்து சேர்க்கிறது என்றே அக்காலத்தில் பரவலாக நம்பினார்கள்; காற்றால் ஆகாததை அம்மா போன்றவர்கள் கையால் செய்தார்கள்.

ஆண் பூ விரிந்தால் சோம்பு வறுத்ததுபோல் மணக்கும் என்று அம்மா சொல்வதை நான் வெகுகாலம் பொருட்படுத்தியதில்லை. அந்த மணத்துக்கு முதன்மையான காரணம் எஸ்ட்ராகோல் என்ற ஆவியாகும் பொருள் என்பதையும், சோம்பிலும் திருநீற்றுப்பச்சிலையிலும் அதுவே இருக்கிறது என்பதையும் பின்னாளில்தான் படித்தறிந்தேன். செம்பனையின் தாயகமான ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டில், பூச்சியியலாளர் ரஹ்மான் சையத் 1970களின் பிற்பகுதியில் ஆராய்ந்து, இந்த வாசத்தை நாடி வரும் சின்னஞ்சிறு கூன்வண்டுகளே மகரந்தத்தைச் சுமக்கின்றன என்று காட்டினார். 1981 பிப்ரவரியில் அந்த வண்டுகள் எங்கள் குளுவாங் வட்டாரத்தில் திறந்துவிடப்பட்டன. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் சிலாங்கூரில் 1917இல் நடப்பட்டது (அதன் பெயர் தென்னமரம் என்பது தனி வேடிக்கை). மரத்துக்குரிய வண்டு வந்து சேர 64 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. வண்டு வந்தபின் மாவு வேலை நின்றுபோனது, அம்மா உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்.

கிள்ளானிலிருந்து:

தோட்டப் பயிர் ஆய்வில் சில ஆண்டுகள் களப் பணியாளராக இருந்தவன் நான். மலர்ந்த ஆண் பூக்குலையை வாசத்தாலேயே கண்டுபிடித்துவிடலாம். அருகில் சென்றால், நான்கு மில்லிமீட்டர்கூட நீளமில்லாத பழுப்பு வண்டுகள் கதிர்களை மூடிக்கொண்டு மொய்த்திருக்கும். அவற்றுக்கு அங்கே உணவும் உண்டு, வீடும் உண்டு; முட்டையிடுவதும், புழுக்கள் வாடிய ஆண் பூக்களைத் தின்று வளர்வதும் அதே கதிர்களில்தான்.

எனக்கு வியப்பளித்தது பெண் பூதான். அதே சோம்பு வாசத்தை அது மெலிதாக, விட்டுவிட்டு வெளியிடுகிறது. ஒரு பெண் பூக்குலையின் பக்கத்தில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன்: நெடுநேரம் ஒன்றும் வராது, பிறகு சில வண்டுகள் சேர்ந்தாற்போல் வந்திறங்கி, எதையோ தேடுவதுபோல் ஊர்ந்து, எதுவும் கிடைக்காமல் பறந்துவிடும். அங்கே அவற்றுக்குத் தின்னவும் ஒன்றுமில்லை, முட்டையிடவும் இடமில்லை. ஆனால் அந்த ஏமாற்றப் பயணத்தில் உடலில் ஒட்டியிருந்த மகரந்தம் சூல்முடியில் சேர்ந்துவிடுகிறது. பெண் பூவின் வாசம் ஆண் பூவினுடையதைப்போல் ஓங்கி நிலைத்திருந்தால் வண்டுகள் அங்கேயே தங்கி வீணாகியிருக்கும் என்பது என் ஊகம். எஸ்ட்ராகோலில் நனைத்த பஞ்சைப் பொறியில் வைத்தபோதும் வண்டுகள் வந்தன; பூவே இல்லாமல் வாசம் மட்டும் போதுமானதாக இருந்தது.

சபாவிலிருந்து:

மேலே சொன்னவை உண்மைதான், ஆனால் வண்டு வந்ததோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. நான் வேலை செய்த இளம் தோட்டத்தில் பெண் பூக்களே மிகுதி. ஆண் பூ குறைந்தால் வாசமும் குறைகிறது, வண்டு பெருக இடமும் இல்லை, போதாக்குறைக்குத் தொடர்மழை. குலைகளை வெட்டிப் பார்த்தால் உள்ளே பாதிப் பழம் சூம்பிக் கிடந்தது. கடைசியில், முதிர்ந்த மரங்களின் வாடிய ஆண் பூக்குலைகளைப் பெட்டிக்குள் வைத்து வண்டு பொரிக்கவிட்டோம். வெளியேறும் வழியில் மகரந்தத்தைத் தூவி வைத்தோம். வண்டுகள் அதில் புரண்டு மஞ்சளாகிப் பறந்தன. குளுவாங் நண்பரின் அம்மா செய்த மாவு வேலையின் முதல் பாதியை, அதாவது ஆண் பூ எடுத்து உலர்த்திச் சலிப்பதை, நாங்கள் அப்படியே செய்தோம். மீதியை வண்டுகள் பார்த்துக்கொண்டன.