டெட்லாக் தவிர்ப்பு: ‘ஈடேறு நிலை’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

டெட்லாக்குக்கு ‘முட்டுக்கட்டை’ என்ற சொல்லை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. முட்டுக்கட்டையை வெளியாள் ஒருவர் போடுகிறார். எடுத்துவிட்டால் சக்கரம் உருளும். கணினியின் இயங்குதளத்திலோ, ஒவ்வொரு செயலாக்கமும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலும்) தன்னிடம் உள்ள வளத்தை (நினைவகம், அச்சுப்பொறி போன்றதை) விடாமல் அடுத்ததன் வளத்துக்குக் காத்திருக்க, அந்தக் காத்திருப்பு வட்டமிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது. ஆகவே ‘பிணைமுடக்கம்’ என்பதே பொருந்தும்.

‘தடுப்பு’, ‘தவிர்ப்பு’ இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவது கூடாது. டெட்லாக் நேரத் தேவையானவை என்று கணினி அறிஞர் காஃப்மன் முதலியோர் 1971-இல் வகுத்த நான்கு நிபந்தனைகளுள் ஒன்றையேனும் எழவிடாமல் அமைப்பது தடுப்பு. அவற்றை இருக்கவிட்டு, கோரிக்கை வரும்போதெல்லாம் விளைவைக் கணக்கிட்டு முடிவெடுப்பது தவிர்ப்பு.

தவிர்ப்பின் உயிர்நாடியான ‘சேஃப் ஸ்டேட்’டுக்குத்தான் நல்ல சொல் வேண்டும். கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களில் தந்த வங்கியாளர் படிமுறையை (banker's algorithm) நம் பக்கத்துக் கணக்காகவே பார்க்கலாம். இதில் பணம்தான் வளம், விவசாயிதான் செயலாக்கம். பிசானப் பட்டத்துக்கு (நெல் பருவத்துக்கு) கடன் தர ஒரு வங்கியிடம் 10 இலட்சம் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி விவசாயி 8 வரை வேண்டும் என்று சொல்லி 3 வாங்கியிருக்கிறார். சேரன்மகாதேவிக்காரர் 4-க்கு 2. முக்கூடல்காரர் 8-க்கு 2. மீதி 3. சொன்ன தொகை முழுவதும் கைக்கு வந்தால்தான் அறுவடை முடிந்து கடன் திரும்பும். சேரன்மகாதேவிக்கு 2 கொடுத்தால் அவர் முடித்துத் திருப்ப, கையிருப்பு 5 ஆகும். அதில் கல்லிடைக்குறிச்சி முடிய 8 ஆகும். கடைசியில் முக்கூடலும் முடியும். மாறாக, இப்போதே முக்கூடலுக்கு 1 கொடுத்துவிட்டால், சேரன்மகாதேவி முடித்த பிறகும் கையில் 4-தான் நிற்கும். மற்ற இருவருக்கும் தலைக்கு 5 வேண்டும்.

எல்லாரும் முடிக்க ஒரு வரிசையாவது இருக்கும் முதல் நிலையை ‘ஈடேறு நிலை’ என்றும், அந்த வரிசையை ‘ஈடேறு வரிசை’ என்றும் சொல்லலாம். ‘பாதுகாப்பு நிலை’ வேண்டாம். பாதுகாப்பு என்றதும் மாணவருக்குக் கடவுச்சொல்லும் வைரஸும்தான் நினைவுக்கு வரும். முக்கூடலுக்கு 1 கொடுத்த பின் வரும் இரண்டாவதை ‘முடங்கிய நிலை’ என்பதும் பிழை. யாரேனும் சொன்ன உச்சத்தைக் கேட்காமலே வேலையை முடித்துவிடக்கூடும். அங்கே இல்லாதது உறுதி மட்டுமே. எனவே அது ‘உறுதியிலா நிலை’.

நிரலிலும் இச்சொற்கள் இயல்பாக அமர்கின்றன. உச்ச வரம்பிலிருந்து ஒதுக்கீட்டைக் கழித்தால் தேவை. கோரிக்கையைக் கொடுத்ததாகவே பாவித்து அணிகளை (எண் அட்டவணைகளை) திருத்தி, கையிருப்பை ‘சோதனைக் கையிருப்பு’ என்ற நகலில் எடுத்துக்கொண்டு, தேவை அதற்குள் அடங்கும் செயலாக்கத்தைத் தேடி, அது முடிந்ததாகக் குறித்து அதன் ஒதுக்கீட்டை நகலில் கூட்ட வேண்டும். இப்படியே தொடர்கையில், முடியாதவை இருந்தும் ஒரு சுற்றில் எதுவும் அகப்படாவிட்டால் திருத்தத்தை மீட்டுக் கோரிக்கையைக் காக்க வைக்க வேண்டும். நகலெடுக்காமல் உண்மைக் கையிருப்பிலேயே கூட்டினால், திரும்பாத வளம் திரும்பியதாகக் கணக்கு ஏறிவிடும். மாணவர் நிரல்களில் நான் அதிகம் திருத்துவது இந்த வரியைத்தான்.

உச்சத் தேவையை முன்கூட்டியே அறிய வேண்டியிருப்பதால் லினக்ஸ் போன்ற பொதுப் பயன்பாட்டு இயங்குதளங்கள் இம்முறையைக் கைக்கொள்வதில்லை. ஆனாலும் பாடத்திட்டத்தில் இது இருக்கிறது. தமிழில் எழுதுபவருக்குச் சொல் தேவைப்படுகிறது.

‘வளம்’, ‘ஒதுக்கீடு’ இரண்டும் ஏற்கெனவே ஊன்றிவிட்டவை. அவற்றை மாற்ற வேண்டாம். ‘பிணைமுடக்கம்’, ‘ஈடேறு நிலை’, ‘உறுதியிலா நிலை’ ஆகிய மூன்றைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள்.